விலங்கு பூட்டின மறுநாள்

"நீ போய்ச் சொன்னாத்தான் கேப்பா. பொம்பளைக்குப் பொம்பளை..."

"நான் போனா ரொட்டி கொண்டுக்கிட்டுப் போவேன். பொய்யச் சுமந்துக்கிட்டுப் போக மாட்டேன்."

"என்னளா பெரிய பொய்? உசிரு போவுதுங்கேன், நீ..."

"மெள்ளப் பேசு. பிள்ளை முழிச்சிருக்கா."

"போன வாரம் மலையில தொங்கினவ என்ன சொன்னா? இல்ல, இல்லன்னுதான் கடைசி மட்டும் சொன்னா. ஒத்துக்கிட்டவள்ல ஒருத்தியத் தூக்குல போட்டிருக்காவளா? ஒரே ஒருத்திய? நீயே சொல்லு."

"ஒத்துக்கிட்டா அதோட விடுவாவளா? ஒங்கூட யாரு யாரு இருந்தான்னு கேப்பாவ. ஒரு வாய் தொறந்தா நாலு வீட்டுக் கதவத் தட்டுவாவ. மைனி யாரு வீட்டக் காட்டணுங்க? எதுத்த வீட்டையா? இல்ல, நானே இருக்கேனே, புருசன் செத்தவ, வாய்க்காரி, என்னையக் காட்டச் சொல்லவா?"

"நான் என்ன சொல்லுதேன், நீ என்ன பேசுத? கேளு திர்சா..."

"கேக்க மாட்டேன். குதிரைய அனுப்பும்போது என்னையக் கேட்டா அனுப்பின?"

ஏனோஸ் ராண்டல் கையிலிருந்த சாணைக்கல் அரிவாளின்மேல் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் தங்கை சண்டையில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவனிடம் பதில் இருந்ததில்லை. திர்சாளுக்கும் அது தெரியும். மற்ற நாளென்றால் அதைக் கடைசிக்கு வைத்திருப்பாள். இன்றைக்கு எடுத்த எடுப்பில் வீசிவிட்டாள்.

அடுப்பில் பன்றிக்கொழுப்பு போட்ட மொச்சை வெந்துகொண்டிருந்தது. திர்சாள் மேசைமேல் கூடையை வைத்து, மக்காச்சோள ரொட்டி இரண்டைத் துணியில் சுற்றினாள். அவள் புருஷன் மீன்படகோடு போனவன் படகோடும் வரவில்லை, படகு இல்லாமலும் வரவில்லை. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணன் பெண்டாட்டி கேத்தூராளும் அவளும் ஒரே பீப்பாயில் வெண்ணெய் கடைந்தவர்கள். இப்போது கேத்தூராள் பட்டணத்து ஜெயிலில். சூனியக்காரி என்று.

"அலமாரியில இருந்து அந்தப் பெரிய பாலாடைக்கட்டிய எடுத்து வையி, ஜெயில்காரனுக்கு," என்றான் ஏனோஸ், தரையைப் பார்த்து.

"எல்லாந்தான் கெடக்கே. வாங்க நாதி இருக்கா?"

உண்மைதான். எங்கள் ஊர் விலாங்கு முனையில் கேத்தூராளின் பாலாடைக்கட்டிக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் கட்டி வெட்டினால் வாசனைக்கே பக்கத்து வீட்டுக்காரி ஏதாவது இரவல் கேட்டு வருவாள். இந்த வசந்தத்தில் அவள் பிழிந்து வைத்ததெல்லாம் இப்போது வரிசையாக மஞ்சள் பூத்து உட்கார்ந்திருந்தது. ஊரில் நாய்க்குப் போட்டாலும் அதை வாங்கமாட்டார்கள்.

"அத்தை," என்று உள்ளறையிலிருந்து குரல். "கஞ்சில கரும்புப்பாகு ஊத்துனியா?"

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். கோடை முழுக்க முனகலைத் தவிர வேறு சத்தம் வராத தொண்டை அது. அந்தக் குரலைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் முகம் மலரும். மலர்ந்த முகத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளமாட்டார்கள்.

"ஊத்துதேன் கண்ணு," என்றாள் திர்சாள்.

குதிரையை அனுப்பினான் என்றால் அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்குக்கூட விளக்கம் வேண்டாம்.

சோளம் விதைக்கிற காலத்தில் ஏனோஸின் ஒரே மகள் ருகாமா படுத்தாள். ஒன்பது வயது. உடம்பு கொதித்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள், முதுகு வில்லாக வளைந்தது. வைத்தியர் வந்து இரத்தம் எடுத்தார். தூள் கொடுத்தார், மறுபடி இரத்தம் எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றதும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது என் கைல இல்ல. இதுல கெட்ட கை பட்டிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். வைத்தியர் கையை விரித்த இடத்தில் யாருடைய கை என்று தேடுவதுதான் மிச்சம்.

அடுத்த ஊரில் காணாததைக் காணும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். சூனியக்காரியின் ஆவி நோயாளியின்மேல் உட்கார்ந்திருப்பதை அவர்கள் கண்டு சொல்வார்கள். நோயாளி உள்ள வீட்டார் எல்லாரும் குதிரை அனுப்பி அழைத்துவந்தார்கள். ஏனோஸும் அனுப்பினான். பெண் உட்கார்ந்து வர மெத்தை வேண்டுமே என்று கேத்தூராள் குதிரையில் உட்காரும் மெத்தையைத்தான் சேணத்துக்குப் பின்னால் கட்டினான். எடுத்துக் கொடுத்தவளும் கேத்தூராள்தான்.

"அந்தப் பிள்ளை தூரத்துல இருந்து வருது, பசியோட வரும்," என்று பரங்கிக்காயைப் பாலில் வேகவைத்து, மாவு பிசைந்து பணியாரமும் தட்டினாள்.

வந்தவள் பெயர் தாமரி. பதினேழு வயது. அப்பா அம்மா இல்லாமல் யார் வீட்டிலோ வேலை செய்து வளர்ந்தவள். கையெல்லாம் சாம்பலும் கொப்புளமும். கேத்தூராள் கொடுத்த பீரைக் குடித்தாள், "நல்லாருக்கும்மா," என்றுகூடச் சொன்னாள். போதகரும் அக்கம்பக்கத்தாரும் அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். தாமரி பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். பிறகு அலறினாள்.

"நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கா! அமுக்குதா, அமுக்குதா!"

"யாரு மகளே?" என்றார் போதகர்.

"முகம் தெரியல."

"என்ன உடுத்திருக்கா?"

"நீலம். முன்னால நீலத் துணி கட்டிருக்கா. கையெல்லாம் வெள்ளை. மாவு."

அலறல் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடிவந்த கேத்தூராள் வாசற்படியில் நின்றாள். இடுப்பில் நீல முன்துணி, முழங்கை வரைக்கும் மாவு. அறையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஏனோஸின் தலையும்தான்.

"என்ன, என்ன ஆச்சு பிள்ளைக்கு?" என்று கேட்டாளாம் அவள்.

அப்புறம் ஜெபவீட்டில் வைத்துக் கேத்தூராளின் கண்ணைக் கட்டினார்கள். துடித்துக்கொண்டிருந்த தாமரியின் மணிக்கட்டில் கேத்தூராளின் கையை எடுத்து வைத்தார்கள். துடிப்பு நின்றது. கண் வழியாகப் போன விஷம், தொட்டதும் போட்டவளிடமே திரும்பிவிட்டது, சாட்சி போதும் என்றார்கள். அன்றைக்கே வண்டியில் ஏற்றினார்கள். முதலில் கயிற்றால்தான் கட்டி வைத்திருந்தார்கள். பட்டணத்துக் கொல்லனுக்கு அவ்வளவு பேருக்கு விலங்கு அடித்து மாளவில்லை. இரும்பு பூட்டினால்தான் சூனியக்காரியின் ஆவி வெளியே கிளம்பமுடியாது என்பது சட்டம் படித்தவர்களும் நம்பியது. கேத்தூராளின் முறை வந்து விலங்கு பூட்டிய மறுநாள் காலையில் ருகாமா கண்ணைத் திறந்து, "கஞ்சி," என்றாள்.

ஊருக்கு வேறு என்ன வேண்டும்?

மத்தியானம் கடல் வற்றினதும் ஏனோஸ் அரிவாளோடு சதுப்புக்குப் போனான். உப்புப்புல் அறுக்கிற பருவம். அறுத்து, மரமுளைகளின்மேல் போர் போட்டு ஏற்றவில்லையென்றால் அடுத்த பெரிய ஏற்றத்தில் கடல் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். பனிக்காலத்தில் மாடு எதைத் தின்னும்? போர் போடுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவன் கீழே நின்று வீச, ஒருவன் மேலே நின்று மிதிக்கவேண்டும். எப்போதும் பக்கத்துச் சதுப்புக்காரன் ஆசா பில்தான் அவனுக்கு மேலே நிற்பான்.

இன்றைக்கு ஆசா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தன் புல்லை அறுத்துக்கொண்டிருந்தான். பச்சைக்கண் ஈக்கள் இரண்டு பேர் கழுத்தையும் ஒரே மாதிரி கடித்தன.

"மக எப்படி இருக்கா வேய்?" என்று அங்கிருந்தே கத்தினான்.

"நடக்கா. நேத்து வாசல் வரைக்கும் வந்தா."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நல்ல இரும்பு வேய் அது! அந்தக் கொல்லனுக்கு நீரு ஒரு ஆட்டுக்குட்டி குடுக்கணும்."

ஏனோஸ் அரிவாளை ஓங்கி ஒரு வீச்சு வீசினான். "கார்பி வீட்டுப் பிள்ளைக்கும் அதே வாரந்தான் காய்ச்சல் விட்டுது. அவுக வீட்டுல யாருக்கு விலங்கு பூட்டினாவ?" இது திர்சாள் சொன்னது. அவள் சொன்னபோது சண்டை போட்டான், இப்போது தன்னுடையதுபோல எடுத்துச் சொன்னான்.

"அட, அந்தப் பிள்ளையையும் ஒம்ம வீட்டம்மாதான் பிடிச்சிருந்தாங்காவளே! தெரியாதா? ஒரு பூட்டு, ரெண்டு பிள்ளை பிழைச்சுது."

ஏனோஸ் மறுபடியும் அரிவாளை வீசினான். புல் சாய்ந்தது.

ஆசா கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கி, வாய்க்கால் கரைவரைக்கும் வந்தான். "வேய், மனசுல வச்சிக்கிடாதேயும். எனக்கும் பெண்டாட்டி இருக்கா. நான் வந்து ஒம்ம போர்ல ஏறி நின்னா, நாளைக்கு எம் மாடு மாசம் ஆகாம கன்ன வீசிச்சுன்னா, அப்பம் யாரு என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியாது. அதான். அந்தம்மா கைப் பாலாடைக்கட்டிய நானும் தின்னவந்தான். நல்லாத்தான் இருந்துது."

"இப்பம் அலமாரி நெறையக் கெடக்கு. வந்து எடுத்துக்கிடும்."

ஆசா சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "செவ்வாக்கெழமைதான வழக்கு? ஒத்துக்கிடச் சொல்லும் வேய். ஒத்துக்கிட்டா உசிரோட இருப்பா. இருந்தாப் போதும்ல? ஜெயில்ல இருக்கட்டும், விலங்கோட இருக்கட்டும். ஒம்ம மகளும் நல்லா இருப்பா, அவளும் இருப்பா."

விலங்கோட இருக்கட்டும். அந்த வார்த்தை ஏனோஸுக்கு உறைக்கவில்லை. அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. அறுத்த புல்லை அப்படியே சதுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

"நானே போறேன்," என்றான் திர்சாளிடம்.

"போ. ஒன் வாயால சொல்லு. ஒன் பெண்டாட்டி."

காலையில் அதே பெண்குதிரைக்குச் சேணம் போட்டான். மெத்தை கட்டவில்லை. திர்சாள் கூடையோடு வந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேளு. பிள்ளை எழும்பிட்டான்னு சொல்லு. கஞ்சி குடிக்கா, பாகு கேக்கா, சண்டை போடுதா, எல்லாம் சொல்லு. என்னைக்கு எழும்பினான்னு மட்டும் சொல்லாத."

"ஏன்?"

"ஏன்னா கேக்க? மூணு மாசம் தூங்காதவ மனசு எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது. நானும் அவ கூடவே முழிச்சிருந்தவ. சொல்லாத. சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு."

"அதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு ஒனக்கு," என்று கடிவாளத்தை விட்டாள்.

ருகாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் குச்சியாக இருந்தது. "அப்பா, அம்மா கையில போட்டிருக்கிறது வலிக்குமா?"

"வலிக்காது. நீ உள்ள போ, காத்து அடிக்கு."

ஜெயில் வாசலில் கருவாட்டு வாடையும் மனுஷ வாடையும் ஒன்றாக வந்தது. காவற்காரன் கட்லர் குள்ளமானவன், சாவிக்கொத்து அவன் தொடையில் அடிபட்டு அடிபட்டு கால்சட்டை அந்த இடத்தில் தேய்ந்திருந்தது. கூடையைத் திறந்து மோந்து பார்த்தான்.

"இது அந்தம்மா போட்ட கட்டியா? ராண்டல் அம்மா?"

"ஆமா. பயமா இருந்தா வேண்டாம்."

"எனக்கென்ன பயம்? இங்க உள்ள கூட்டத்துக்கு நடுவுல நாலு மாசமாப் படுக்கேன். சூனியம் வேலை செஞ்சா மொதல்ல எம் பெண்டாட்டி வாயல்லவா கட்டிப்போயிருக்கணும்?" ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினான். "அடேயப்பா. இந்தக் கையத் தூக்குல போடுததுன்னா..." பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

உள்ளே இருட்டு. ஈர வைக்கோல். பெண்கள் சுவரோரம் கிடந்தார்கள், ஒரு கிழவி தூக்கத்தில் சங்கீதம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கேத்தூராள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நீல முன்துணி அதே துணிதான், நிறம் போய்விட்டது. இரண்டு கையும் மடியில், இரும்புக்குள். இரும்பு உரசின இடத்தில் தோல் இல்லை.

கட்லர் குனிந்து பார்த்தான். "ரொட்டி திங்க வேண்டாமா? கொஞ்ச நேரம் கழட்டி விடுதேன். யாரு பாக்கப் போறா?" சாவியைத் தேட ஆரம்பித்தான்.

"வேண்டாம்," என்றான் ஏனோஸ்.

சட்டென்று வந்துவிட்டது. கட்லர் தலையைத் தூக்கினான். "நீரு... நீரு மாட்டிக்கிடுவீரு," என்று ஏனோஸ் இழுத்தான். கேத்தூராள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்லர் தோளைக் குலுக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்ப் பாலாடைக்கட்டியோடு உட்கார்ந்தான்.

ஏனோஸ் ரொட்டியைப் பிட்டு அவள் வாயில் வைத்தான். அவள் மென்றாள். மெல்லும்போதே கண்ணால் கேட்டாள்.

"எழும்பிட்டா," என்றான்.

அவள் வாயில் ரொட்டி அப்படியே நின்றது. "யாரு? ருகாமாவா? நெசமா? என் தலைல அடிச்சுச் சொல்லுங்க."

"நெசமா. நடக்கா. கஞ்சிக்குப் பாகு ஊத்தலன்னு அத்தைகிட்டச் சண்டை போடுதா."

அவள் சிரித்தாள். சிரித்ததில் ரொட்டித் துணுக்கு விழுந்தது, அதைப் பொறுக்கக் குனிந்தவள் அப்படியே குனிந்தபடி அழுதாள். சங்கிலி குலுங்கியது. கிழவி முணுமுணுப்பதை நிறுத்தி, "என்னம்மா?" என்றாள். "எம் பிள்ளை எழும்பிட்டா பாட்டி," என்றாள் கேத்தூராள். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்," என்று கிழவி மறுபடி படுத்துக்கொண்டாள்.

"கால் வீக்கம் வடிஞ்சுதா?"

"வடிஞ்சுட்டு."

"சிவப்புப் பசு?"

"கறக்கு. கட்டிதான் பிழியல. திர்சாளுக்கு ஒன் கை வராது."

"ஒறையில இருக்கு விசயம். அவகிட்டச் சொல்லுங்க, கன்னுக்குட்டி இரைப்பைய நல்லா உப்புல ஊறவச்சுப் பாலுல போடணும். போர் போட்டாச்சா?"

"புல்லு கெடக்கு. ஆசா வரல."

"வரமாட்டாவ," என்றாள், ஆசாவுக்காகவும் வருத்தப்பட்டவள்போல.

இவ்வளவு நல்லபடியாகப் பேச்சு வந்த இடத்தில் ஏனோஸ் அதை எடுத்தான். "கேத்தூரா, செவ்வாக்கெழமை கேப்பாவ. ஆமான்னு சொல்லிரு."

"எதுக்கு ஆமா?"

"தெரியும்லா. சாத்தான் வந்தான், அவன் புஸ்தகத்தத் தொட்டேன், கையெழுத்துப் போட்டேன்னு. எல்லாரும் சொல்லுததுதான். சொல்லிட்டா தூக்கு இல்ல."

"நான் போடலயே."

"போடலன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்னா என்னையப் பொய் சொல்லச் சொல்லுதிய. கர்த்தர் பேருல கையத் தூக்கிக்கிட்டு. செத்தப்புறம் அவர் முன்னால போய் என்ன சொல்லுவேன்? எம் புருசன் சொல்லச் சொன்னாவன்னா?"

"செத்தப்புறம் செத்தப்புறம்ங்க! இப்பம் பிள்ளைக்குத் தாய் வேண்டாமா?"

"சூனியக்காரி தாயா? அவ சபையில உக்காரும்போது எல்லாரும் அவளப் பாப்பாவளே, அதுவா? கூட யாரு இருந்தான்னு கேட்டா யாரச் சொல்ல? இந்தக் கிழவியவா?"

"யாரையாவது சொல்லு! ஏற்கெனவே உள்ள இருக்கவ பேரச் சொல்லு!"

"ஏற்கெனவே உள்ள இருக்கவளும் என்னை மாதிரிதான உள்ள இருக்கா?"

"எப்படிப் பேசினாலும் ஒரு பேச்சு வச்சிருக்க நீ." அவன் வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. "நீ ஒண்ணுமே செய்யலன்னா, இந்த இரும்பு பூட்டின மறுநாளே பிள்ளை எப்படிளா எழும்பினா?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

வாசலில் கட்லர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மறுநாளா?" என்றாள் கேத்தூராள்.

"அது... காத்து மாறிச்சு. கார்பி வீட்டுப் பிள்ளையும்..."

"காலைலயா, சாயங்காலமா?"

"காலைல."

"மொதல்ல என்ன கேட்டா?"

"கஞ்சி."

"என்னையக் கேக்கலயா?"

"கேட்டா. அப்புறம் கேட்டா."

அவள் தன் கைகளைப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்க்கிறமாதிரி. குனிந்தபடியே பேசினாள். குரலில் அழுகை இல்லை. அது ஏனோஸுக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

"ஒருநாள் விடியுத நேரம், நீங்க தூங்கிக்கிட்டிருந்திய. திர்சாளும் கண்ணசந்துட்டா. பிள்ளை தூளத் துப்பிட்டு எம் மூஞ்சில அடிச்சா. அப்பம் நெனச்சேன். வாயால சொல்லல, நெனச்சேன். 'கர்த்தாவே, இவள எடுத்துக்கிட்டாக்கூடப் போதும்'னு. ஒரு நெனப்பு. உடனே முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனா நெனச்சேன்லா? சாத்தானுக்கு அந்த ஒரு இடுக்கு போதும்னு போதகர் எத்தன தடவ சொல்லிருக்காவ. கையெழுத்துன்னா மையால போடுததுதானா? நான் தூங்கும்போது என் ஆவி எனக்குத் தெரியாம எந்திரிச்சுப் போயிருந்தா?"

"பைத்தியம் மாதிரிப் பேசாத. தாய்க்கு அலுப்பு வராதா?"

"அப்பம் நான் இல்லன்னு சொல்லுதியளா?"

"இல்ல."

"நெசமா இல்லன்னு நம்புதியளா?"

"நம்புதேன்னுதான சொல்லுதேன்!"

"சரி," என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜெயிலுக்கு வருமுன் கறவை நேரத்தில், கறந்த பால் வெண்ணெய்க்கா கட்டிக்கா என்று தீர்மானிக்கும்போது உட்காருவாளே, அதே மாதிரி. "நான் பொய்யும் சொல்லாம, உண்மையும் தெரியாம நடுவுல நின்னு சாகமாட்டேன். ஒரு வழிதான் இருக்கு. இன்னைக்கு ஒரு ராத்திரி இந்த இரும்பு இல்லாம இருக்கேன். நாளைக்கு நீங்க வந்து சொல்லுங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்ப வந்துட்டுன்னா, நான்தான். உடனே பூட்டச் சொல்லுங்க. செவ்வாக்கெழமை நானே ஒத்துக்கிடுதேன், அது பொய் ஆகாது. வரலன்னு வைங்க..."

"வரலன்னா?"

"வரலன்னா நீங்க கோர்ட்டுல எந்திரிச்சு நிக்கணும். அத்தன பேருக்கும் முன்னால. நான் குதிரை அனுப்பினது தப்பு, எம் பெண்டாட்டி சுத்தமானவன்னு சொல்லணும். அப்புறம் அவுக தூக்குல போட்டாலும் போட்டுட்டுப் போறாவ. நான் அந்த மலையில நேரா நிப்பேன்." வாசல் பக்கம் திரும்பினாள். "கட்லர் ஐயா! சாப்பிட்டாச்சா? கொஞ்சம் வாங்க."

கட்லர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். "என்னம்மா, கழட்டணுமா? அப்பமே சொன்னேன். இந்தக் கட்டிக்கு ஒரு ராத்திரி என்ன, ரெண்டு ராத்திரியே விடலாம். காலைல எவனாவது வாரதுக்கு முன்னால மாட்டிருவேன்." கொத்தில் தேடிச் சின்னச் சாவியை எடுத்து, அவள் முன்னால் குந்தி, பூட்டில் நுழைத்தான். திருகவில்லை. ஏனோஸைப் பார்த்தான். "நீருதான் வேண்டாம்னீரு. இப்பம் என்ன வேய்?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற குச்சிக்கால்கள் ஏனோஸின் கண்முன் வந்து நின்றன. மொச்சை வாசனை, கரும்புப்பாகு, வில்லாக வளைந்த அந்த முதுகு. நம்புகிறேன் என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன வாய்தான். அவன் கை தன்னையறியாமல் முன்னால் நீண்டு, சாவி இருந்த கட்லரின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து, தொடாமல் நின்றது.

கேத்தூராள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அவர் ஒங்களத்தான் கேக்காரு, ருகாமா அப்பா. கழட்டச் சொல்லுங்க."